டீ கேட்டால் திற

செத்துப்போன கணவனின் வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். விரல் முட்டிகளில் பழைய தழும்புகள்தான் இருந்தன. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"முட்டியைப் பாரு."

தச்சனான அவள் கணவனின் காதுக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். வாடகை தராத பயல்கள். உளியை எடு, அவள் கழுத்தில் இறக்கு என்று நாள் முழுக்க நச்சரிப்பார்கள். "வேலை கெடக்கு, சாயங்காலம் வாங்கடா" என்று விரட்டிவிட்டு அவன் மரத்தை இழைப்பான். சாயங்காலம் உளி, சுத்தியல் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னறைக்குள் போவான். அவள் வெளியே பூட்டுவாள். உள்ளே அவர்களை நாறநாறத் திட்டுவான், கதவில் ஓங்கி ஓங்கிக் குத்துவான். முட்டியில் ரத்தம் வடியக் களைத்த பிறகு, "ஒரு டீ குடேன்" என்பான்.

"அழுதாலும் கெஞ்சினாலும் திறக்காதே. என் குரலை வச்சே அவனுங்க ஏமாத்துவானுங்க. டீ கேட்டாத்தான் திறக்கணும்."

ஒருமுறை மனசு கேட்காமல் முன்னாலேயே திறந்தாள். அவளுக்கு முன்பற்கள் இரண்டு போயின. அவற்றைத் தரையில் பொறுக்கியபடி அவன்தான் அழுதான்.

நேற்றும் பூட்டினாள். கதவு அதிர்ந்தது. "நெஞ்சு வலிக்குதுடி... திறடி பாவி!" அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். உள்ளே ஓய்ந்ததும், இன்றைக்குச் சீக்கிரமே அடங்கிவிட்டானே என்று சந்தோஷமாக டீ போட்டாள். அது ஆறி ஏடு படிந்த பிறகுதான் பூட்டைத் திறந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

இப்போது அவன் கையைத் திருப்பினாள். உள்ளங்கை கன்றி வீங்கியிருந்தது. இன்னொரு கையும் அப்படியே. அவர்களை அவன் முட்டியால் குத்துவான். நேற்று விரித்த கையால் தட்டியிருக்கிறான். கூப்பிட்டது அவளை.

"அண்ணன் சொன்னதைத்தானே செஞ்சீங்க..."

ஓங்கி அறைந்தாள். கொழுந்தனின் உதடு கிழிந்தது. அவன் அதைத் துடைத்துக்கொண்டு அண்ணனின் காலைத் துடைக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம், எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவள் பின்னறைக்குள் போனாள்.

"வெளியே பூட்டு."

"வேணாம் அண்ணி."

"பூட்டுடா!"

பூட்டினான். உள்ளே விழுந்த அடிகளில் நிலைப்படியை ஒட்டிய காரை பெயர்ந்து விழுந்தது. ஏதோ உடைந்தது. அவள் அலறலைக் கேட்கச் சகிக்காமல் அவன் சாவியைப் பூட்டில் நுழைத்தான்.

"அண்ணி, திறக்கட்டுமா?"

"நான் டீ கேட்டேனா?"

அவன் சாவியை உருவிக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தான்.