செத்துப்போன இடது பொட்டி

பாட்டுக் கேக்கறதுக்குக் கதவு சைஸுல ரெண்டு பொட்டி வேணுமாம் எங்க வீட்டுக்காரருக்கு. பொண்டாட்டி பேசறது காதுல ஏறாது, பாட்டு மட்டும் ஏறுமாக்கும்.

ஓசூர் பாகலூர் ரோட்டுல இருக்கற ஸ்பீக்கர் கடைக்கு நான் ஒண்ணும் பொட்டி பார்க்க வரல. மத்தூருக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு பையைக் கட்டிட்டேன். "கடைக்கு வந்துட்டுப் போ தாஹிரா, பஸ் ஸ்டாண்டுல விடறேன்"னாரு ஜுபைர். நான் திரும்பி வர்றதா இல்லங்கறது அவருக்குத் தெரியாது.

வயித்துல இருந்தது மூணாம் மாசம் கலைஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு ராத்திரி, "பயமா இருக்குதுங்க, கொஞ்சம் பிடிச்சுக்கங்க"ன்னு அழுதேன். எப்பவும் போல நபி காட்டின சுன்னத்துப்படி வலப்பக்கம் ஒருக்களிச்சு, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாரு. திரும்பல. தூங்கிட்டாருன்னு நினைக்கலாம்னா, கால் விரலை ஆட்டிக்கிட்டே இருந்தாரு. முழிச்சுக்கிட்டேதான் கிடந்தாரு அந்த மனுஷன். அப்புறமும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன், பேசிப் பார்த்துட்டேன். எல்லாம் சுவத்துக்கிட்டப் பேசற மாதிரிதான். ஒரு சுவரோட எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்தறது?

கடைக்காரர் பேரு கௌதம். நல்ல பொறுமைசாலி. "இது சாதாரண பொட்டி இல்லீங்க. பேனல் ஸ்பீக்கர். உள்ள மெல்லிசான ஷீட்தான் அதிருது. முன்னாடியும் பின்னாடியும் சத்தம் வரும். அதனால சுவத்துல இருந்து மூணடியாவது தள்ளி வைக்கணும். நடுவுல உக்காந்து கேட்டீங்கன்னா பாடறவங்க எதுத்தாப்புல நிக்கற மாதிரியே இருக்கும்"னாரு.

"எங்க ஹால்ல மூணடி தள்ளி வச்சா, நாங்க மாடிப்படியிலதான் உக்காந்து கேக்கணும்"னேன்.

கௌதம் சிரிச்சாரு. பக்கத்துலயே நின்ன இவரு கண்டுக்கவே இல்ல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"சத்தத்தைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க தம்பி"ன்னு இவரு ஆரம்பிச்சாரு. "நான் கம்பெனியில இரும்புத் தகடு அடிக்கற பிரஸ் ஷாப் ஆளு. எல்லாரும் ரெண்டு காதுலயும் இயர் ப்ளக் வச்சுக்குவாங்க. நான் இடது காதுல வைக்க மாட்டேன். மெஷின் அந்தப் பக்கம். தகடு அடிக்கற அச்சு, அந்த டை தேய்ஞ்சா சத்தத்துலயே பிடிச்சிடுவேன். சூப்பர்வைசரே என்னைக் கூப்பிட்டுத்தான் கேப்பாரு." இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளிச்சுப்போச்சு.

நடு நாற்காலியில போய் உக்காந்தாரு. பாட்டு ஓடுச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகல, கையைத் தூக்கிட்டாரு.

"இடது பொட்டி செத்துப்போச்சு."

"ரெண்டுமே நல்லா ஓடுதுங்களே."

"அப்ப எனக்குத்தான் கேக்கலையா? சத்தமெல்லாம் வலப்பக்கமே வருது. ஓட்டை உடைசலைத் தலையில கட்டப் பார்க்கறீங்களா?"

கௌதம் முகம் சிவந்துபோச்சு. ஆனாலும் ஆளைக் கூப்பிட்டு ரெண்டு பேனலையும் இடம் மாத்தி வச்சு, திரும்பப் பாட்டுப் போட்டாரு.

"இப்பவும் இடதுதான் செத்துக்கிடக்குது!"ன்னு இவரு எகிறுனாரு. "வயரே கோளாறு. கடையே கோளாறு!"

மானம் போகுதேன்னு, "எந்திரிங்க, நான் பார்க்கறேன்"னு அவரை இழுத்துவிட்டுட்டு உக்காந்தேன். யா அல்லாஹ்! ரெண்டு பொட்டிக்கும் நடுவுல, ஆளே இல்லாத இடத்துல ஒரு பொம்பளை நின்னு பாடறா. அவ மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது. இடதும் சரி, வலதும் சரி.

எனக்கு என்னமோ நெஞ்சுல தட்டுச்சு. எந்திரிச்சு இவரை மறுபடி உக்கார வச்சேன். பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி போய், அவரோட வலது காதை உள்ளங்கையால இறுக்கிப் பொத்துனேன்.

"ஏன் தம்பி பாட்டை நிறுத்திட்டீங்க?"ன்னு கௌதமைத் திட்டுனாரு ஜுபைர்.

பாட்டு கடை முழுக்க ஓடுது. நான் கையை எடுத்தேன். பாட்டு திரும்ப வந்ததும் இவரு பொட்டியைப் பார்த்தாரு, என் கையைப் பார்த்தாரு.

வலது காதைத் தலகாணியில புதைச்சுக்கிட்டுப் படுக்கற ஆளு. மேல இருந்தது அந்தச் செத்த இடது காது. அதுகிட்டதான் நான் அழுதிருக்கேன்.

அவரு வலப்பக்கம் குனிஞ்சு சொன்னேன். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த ராத்திரி உங்க முதுகுக்குப் பின்னாடி அழுதேன். பிடிச்சுக்கங்கன்னு கேட்டேன்."

"எப்போ? நீ தூங்கறேன்னு நினைச்சேனே... தாஹிரா, என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே!" கடையே அதிர்ற மாதிரி கத்துனேன். "அந்தப் பக்கமா சொன்னேனே, பாவி மனுஷா! எத்தனை தடவை சொன்னேன்!"

கௌதம் பாட்டை நிறுத்திட்டாரு. இவரு எட்டி இன்னொரு நாற்காலியை இழுத்து, தனக்கு வலப்பக்கமா போட்டாரு.

"இங்க உக்காந்து சொல்லு"ன்னாரு.

கோவம் அப்படியேதான் இருந்துச்சு. பையைக் கீழ வச்சுட்டு உக்காந்தேன்.