சந்தனம் பூசிய ஹார்ட் டிஸ்க்

சூரசம்ஹாரத்தன்று காலை பத்து மணிக்கு சண்முகப்ரியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முருகனையும் புருஷனையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டிருந்தாள். முருகனுக்காவது காது கேட்டிருக்கலாம். புருஷன் செந்தூர்வேல் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, திருச்செந்தூர் கோயிலில் ஆறாவது நாளாக விரதம் இருந்தான். வெறும் விரதம் என்றால்கூடப் பரவாயில்லை, மௌன விரதம். பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு, போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. சஷ்டி விரதம் இருந்தால் கிடைக்கும் என்று ஊரே சொன்னது. அவன் கிளம்பும்போது, "நீங்க வாய மூடிக்கிட்டா பிள்ளை வந்துருமாக்கும்" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. விரதம் அப்போதே தொடங்கியிருந்தது.

இப்போது அவளுடைய பிரச்சினை ஹார்ட் டிஸ்க். தூத்துக்குடியில் அவர்கள் நடத்தும் ஸ்டுடியோவில், முடித்த கல்யாண வீடியோக்களை எல்லாம் ஒரே ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்கில்தான் போட்டு வைத்திருந்தார்கள். தருவைகுளத்து டிக்சனின் கல்யாணமும் அதில்தான் இருந்தது. டிக்சன் கப்பல் வேலைக்காரன். திடீரென்று ஆர்டர் வந்து, நாளை விடியக்காலையில் கிளம்புகிறான். ஒன்பது மாதம் கடலில் இருக்கப் போகிறவன், கல்யாணத்தைக் கையோடு கொண்டுபோகணும் அக்கா, சாயங்காலம் ஆறு மணிக்கு வாரேன் என்று நேற்று போனில் சொல்லியிருந்தான். அதற்கென்ன தம்பி, எடுத்து வைக்கிறேன் என்று அவளும் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாள்.

காலையில் பீரோவிலிருந்து டிஸ்கை எடுத்தால், கேபிள் செருகும் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆயுத பூஜைக்கு ஸ்டுடியோவில் உள்ள எதையும் செந்தூர்வேல் விடமாட்டான். கேமரா, ட்ரைபாட், கத்தரிக்கோல், சுவிட்ச் போர்டு வரைக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பிவிடுவான். போன வருஷம் பிரிண்டருக்குள் சந்தனம் இறங்கி அது மூச்சை நிறுத்தியது. அதற்கு அவள் பேசிய பேச்சு ஆயுத பூஜையில் தொடங்கி தீபாவளி வரைக்கும் ஓடியது. அவ்வளவு பேசியும் மனுஷனுக்கு உறைக்கவில்லையே என்று பல்குச்சியால் சுரண்டிச் சுரண்டி ஓட்டையைச் சுத்தம் செய்தாள்.

செருகியதும் விளக்கு எரிந்தது, டிஸ்க் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு போல்டர்கூட இல்லை.

கேபிளை மாற்றினாள். வேறு கம்ப்யூட்டரில் போட்டாள். மறைந்திருக்கும் பைல்களைக் காட்டச் சொன்னாள், வைரஸ் இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். அது சாவகாசமாகத் தேடிவிட்டு எல்லாம் நலம் என்றது. கம்ப்யூட்டரில் இருந்த காப்பியை இடம் போதவில்லை என்று போன மாதம் அவளே அழித்திருந்தாள். மெமரி கார்டுகளில் அடுத்தடுத்து நாலு கல்யாணம் எடுத்தாயிற்று. டிக்சனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை தாலி கட்டு என்றா சொல்ல முடியும்?

டிஸ்கைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கிருபாநிதி அண்ணாச்சியிடம் ஓடினாள். அழிந்ததை மீட்கும் சாப்ட்வேரை அவர் ஓடவிட்டார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும். இதுல அழிஞ்ச தடமே இல்ல. ஒரு பைலும் இதுவரைக்கும் எழுதினதே இல்ல."

மூணு வருஷமா நானே எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா என்று அவரிடமும் சண்டை போட்டாள். டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு நேரே திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினாள். போய் என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. திட்டுகிறவளுக்குத் திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சூரசம்ஹாரம் பார்க்க வந்த கூட்டத்துக்குள் மூச்சு முட்ட நடந்து, விரதக்காரர்களுக்குப் போட்டிருந்த பந்தலுக்கு வந்தபோது மணி இரண்டரை. பந்தல் முழுக்கப் பச்சை வேட்டிகள். தேடிப் பிடிப்பதற்குள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கம்பத்தடியில் கன்னம் ஒட்டி, உதடு வெடித்து உட்கார்ந்திருந்தான் செந்தூர்வேல்.

அவன் மடியில் டிஸ்கைப் போட்டாள். "ஒங்க சந்தனம் டிக்சன் கல்யாணத்த முழுங்கிட்டு. ஆறு மணிக்கு வாரான். அவன் மொகத்துல நான் எப்படி முழிக்க?"

செந்தூர்வேல் டிஸ்கைத் திருப்பிப் பார்த்தான். பளாரென்று தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டான். பிறகு அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தான். சாவி கொடுப்பது பேச்சில் சேருமா, ஜாடையில் சேருமா என்று முருகன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அது லென்ஸ் பெட்டிச் சாவி. உப்புக் காற்றில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கும் என்று காற்றுப் புகாத பெட்டியில் வைத்து அவன் பூட்டுவது வழக்கம். சாவியையும் டிஸ்கையும் மாறிமாறிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் புரிந்தது. கிருபாநிதி அண்ணாச்சி சொன்னது நிஜம். இது புது டிஸ்க். வேலை செய்கிற டிஸ்குக்குள் சந்தனம் இறங்கிவிடக் கூடாது என்று அதே மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்கி சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, பழையதை லென்ஸோடு பூட்டி வைத்திருக்கிறான். பூஜை முடிந்து மாற்றி வைக்க மறந்திருக்கிறான். புதிதாக வாங்கியதைச் சொன்னால் அதற்கு ஒரு மாசம் பேச்சு வாங்க வேண்டும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தான் கேட்டது உறைத்தது.

அவன் கண் கலங்கியது. பதில் சொல்ல உதடு பிரிந்தது. சண்முகப்ரியா பாய்ந்து, உள்ளங்கையால் அவன் வாயை இறுகப் பொத்தினாள்.

"வேண்டாம். வாயத் திறந்திராதீங்க. இன்னும் ரெண்டு மணி நேரந்தான். எட்டு வருசம் இருந்தாச்சி."

பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. அவன் தலையசைத்த பிறகுதான் எடுத்தாள்.

ஊரே கடற்கரைக்கு வர, அவள் மட்டும் எதிர்த்திசையில் முட்டி மோதி பஸ்ஸைப் பிடித்தாள். லென்ஸ் பெட்டிக்குள் பழைய டிஸ்க் மஞ்சள் துணியில் சுற்றி பத்திரமாக இருந்தது. டிக்சன் ஆறு மணிக்கு வந்தான். கல்யாணத்தை பென் டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டவன், அண்ணன் எங்க அக்கா என்று கேட்டான்.

"திருச்செந்தூர்ல. இந்நேரம் பேச ஆரம்பிச்சிருப்பாரு" என்றாள்.

ஆறு நாள் கழித்து அவன் பேசும் முதல் வார்த்தையை யாரோ முன்பின் தெரியாதவன் கேட்டிருப்பான். அதை நினைத்தபோது அவளுக்கு வருத்தமாக இருந்தது.