ஏசுதாஸ் மரியாதையாகப் பேசிய நாள்

1

டணார்!

மாடிப்படியில் எவர்சில்வர் தட்டு உருண்டு விழுந்த சத்தம் அது. கஞ்சியில் உப்பே இல்லை என்று நான் மேலேயிருந்து கத்தினேன். “உப்பு இருக்கு, உங்க நாக்குலதான் ஒண்ணும் இல்ல” என்று என் மனைவி பிரபாவதி கீழேயிருந்து கத்தினாள். அந்தக் கோபத்தில் தட்டைப் படியில் வைத்தேன். ‘வைத்தேன்’ என்பது கொஞ்சம் நாகரிகமான சொல்.

அந்த நேரத்தில் என் காதில் போன் இருந்தது. மறுமுனையில் ஷாரோன். செங்கல்பட்டுக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுத் தனிமையில் இருக்கும் கொரோனா நோயாளிகளைத் தினமும் கூப்பிட்டு, காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளும் பெண். 2022 பொங்கலுக்கு அடுத்த வாரம். ஊரெல்லாம் ஓமைக்ரான். பூஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் எனக்கு அது மூன்றாம் நாள்.

தட்டு கடைசிப் படிவரை உருண்டு ஓயும்வரை அவள் பொறுமையாக இருந்தாள். பிறகு சிரித்தாள்.

“சார், நீங்க வீட்லயே சரியாயிடுவீங்க.”

“டாக்டர் சொன்னாரா?”

“தட்டு சொல்லிச்சு சார்.”

இந்தக் கதை அந்தத் தட்டில்தான் பிறந்தது. (இதைவிடக் கௌரவமான பிறப்பு ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். கிடைக்கவில்லை.)

2

எப்படி ஆரம்பிப்பது?

‘ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு ஏசுதாஸின் முகத்தில் சுழன்று சுழன்று’

அடித்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வருமா என்பதுதான் கதையே. அதை முதல் வரியிலேயே ஓட்டிவந்து நிறுத்தினால் மிச்சப் பக்கங்களில் நான் என்ன செய்வது?

‘ஏசுதாஸ் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம்’

வேண்டாம். என்னுடைய பதினோரு தொடர்கதைகளிலும் வாசலில் வேப்பமரம் நிற்கிறது. ஒரு வாசகி கடிதமே போட்டுவிட்டார், ‘உங்கள் கதாநாயகிகளுக்கு வேறு மரமே கிடைக்காதா?’ என்று.

நிஜமான சிக்கல் மரமல்ல. நோய் ‘மைல்டு’. வாரப் பத்திரிகைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் யாராவது கதவைத் தட்ட வேண்டும். கண்ணாடி உடைய வேண்டும். மைல்டு நோயாளி என்ன செய்வார்? ரசம் குடிப்பார், மாத்திரை போடுவார், தூங்குவார். பெரும்பாலோர் ஏழாம் நாள் எழுந்து குளித்துவிட்டு வெளியே வருவார்கள். அவர்களில் சிலர் மட்டும் ஐந்தாம் நாள் வாக்கில் சட்டென்று சரிவார்கள். யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் ஷாரோனின் அறைக்கு இடப்பட்ட வேலை.

அதற்கு டாக்டர் ஸ்ரீதேவி ஒரு தாள் தயாரித்திருந்தார். வயது, சர்க்கரை, காய்ச்சல் எத்தனை நாள், ஆக்சிஜன் எண். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டி நான்குக்குள் வந்தால் வீடு. தாண்டினால் ஆம்புலன்ஸ்.

ஷாரோன் அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் தானாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டாள். தலைப்பு: ‘சண்டை’.

“திட்டுறவங்க தேறிடுவாங்க சார். நான் ஆறு மாசமா பார்க்கிறேன். ‘உனக்கு வேற வேலை இல்லையா’ன்னு கேட்டா ஒரு டிக். உப்பு இல்ல, காரம் இல்லன்னா ரெண்டு டிக். நேத்து உங்களை ஆறு நிமிஷம் நடந்துட்டு ஆக்சிஜன் பார்க்கச் சொன்னேன். இன்னா சொன்னீங்க?”

‘பத்துக்குப் பத்து ரூம்ல நடக்க நான் என்ன வண்டலூர்ப் புலியா?’ என்று சொல்லியிருந்தேன்.

“அதுக்கு மூணு டிக்,” என்றாள் ஷாரோன்.

3

ஏசுதாஸ் என்பது நான் வைத்த பெயர். ஷாரோன் பெயரைச் சொல்லவில்லை. நோயாளி பெயரை வெளியே சொல்லக் கூடாதாம். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்த பிறகு, என் நான்காம் நாளில் மட்டும் கொஞ்சம் இளகினாள். “எங்கம்மா உங்க தொடரைப் படிச்சுட்டு அழுவாங்க சார்,” என்றாள். எந்த இடத்தில் என்று கேட்டேன். “பத்திரிகை விலையைப் பார்த்து சார்.”

போன வாரம் நடந்தது இது. நெம்மேலிக்குப் பக்கத்தில் வீடு. ஈ.சி.ஆரில் ஒரு விடுதியின் கேட்டில் காவல் வேலை. வயது அறுபத்திரண்டு, சர்க்கரை உண்டு. தாளில் மூன்று மதிப்பெண், அதனால் வீடு. மனைவிக்குச் சந்திரம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். வாசலில் எந்த மரமும் இல்லை.

முதல் நாள் போனை எடுத்ததுமே, “யாரும்மா நீ? காலங்காத்தால போன் பண்ணி உசுரோட கீறியான்னு கேக்குற?” என்றார். ஷாரோன் ஒரு டிக் போட்டாள்.

இரண்டாம் நாள் நடக்கச் சொன்னதற்கு, “நடந்து நடந்து கும்புடு போட நான் இன்னா எலெக்சன்லயா நிக்கிறேன்?” டிக்.

மூன்றாம் நாள், “ஆக்சிஜன் எவ்ளோ, ஆக்சிஜன் எவ்ளோன்னு கேட்டுகினே கீற. பொங்கலும் அதுவுமா வூட்ல கறி எவ்ளோன்னு எவனாவது கேட்டீங்களா?” இரண்டு டிக்.

நான்காம் நாள் சந்திரம்மா போனைப் பிடுங்கினார். “கண்ணு, இந்த மனுசனை நீயே ஆம்புலன்ஸ் வச்சு இட்டுகினு போயிடு. கறிக் கொழம்புல தலையணையைப் பொரிச்சுப் போட்டியான்னு கேக்குறாரு.” பின்னாலிருந்து அவர், “ஆமா, தலையணைதான்! கடிச்சா பஞ்சு வருது!” என்றார். ஷாரோன் சிரித்துக்கொண்டே கட்டம் முழுக்க டிக் போட்டாள்.

ஐந்தாம் நாள்.

“நல்லா கீறேம்மா,” என்றார் ஏசுதாஸ். “உனக்குத்தான் தெனமும் சிரமம். நீ சாப்டியா?”

ஷாரோனின் பென்சில் நின்றது.

“ஆக்சிஜன் எவ்ளோ அங்கிள்?”

“தொண்ணூத்தாறும்மா.”

நல்ல எண். காய்ச்சல் இல்லை. தாளில் அதே மூன்று. ஆனால் ‘சண்டை’ கட்டத்தில் அன்றைக்குப் போட ஒரு டிக்கூட இல்லை. காதுக் கருவியைப் பொத்திக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

“சண்டை போடலன்னு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றியா? காரணத்தை எந்தக் கட்டத்துல எழுதுவே?” என்றார் டாக்டர். அவர் கேட்டதிலும் தப்பில்லை. பத்து நாளுக்கு முன்புதான் ஷாரோன், ‘ரொம்ப மரியாதையா பேசுறார் டாக்டர்’ என்று பதறி மதுராந்தகத்துக்கு வண்டி அனுப்ப வைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பிறந்ததிலிருந்தே மரியாதையாகப் பேசுகிறவர். வண்டிக்காரருக்குக் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறார். இன்னொரு தரம் தவறினால் போன் வேலை போய், மூலையில் பெயர்ப் பதிவு வேலைதான் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆகவே அவள் கையில் இருந்தது ஒன்றுதான்: உட்கார்ந்திருக்கையில் நன்றாக இருக்கும் ஆக்சிஜன் எண், உள்ளே கோளாறு இருந்தால், நடந்ததும் விழுந்துவிடும். திரும்பி வந்து கேட்டாள்.

“அங்கிள், ஆறு நிமிஷம் நடக்கிறீங்களா? நான் லைன்லயே இருக்கேன்.”

எலெக்சன் இல்லை. கறி இல்லை. தலையணை இல்லை.

“சரிம்மா,” என்றார் ஏசுதாஸ்.

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. சரக், சரக். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்றாவது நிமிஷத்தில் செருப்புச் சத்தம் நின்றது. சந்திரம்மா ஏதோ

“சார், இன்னொரு கால் வருது, நாளைக்குச் சொல்றேன்!” என்று, நான் கத்தக் கத்த ஷாரோன் வைத்துவிட்டாள்.

முப்பது வருஷமாக நான் வாசகர்களுக்குச் செய்ததை ஒரு பெண் எனக்குச் செய்துவிட்டாள்.*

* அந்த வாசகர்கள் எல்லோரிடமும் இதன் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

4

சரி, முடிவை நானே எழுதிக்கொள்கிறேன். எனக்குத் தெரியாத முடிவா?

முதல் முடிவு: ஆக்சிஜன் மீட்டரில் எண்பத்தொன்பது. ஷாரோன் யாரையும் கேட்காமல் வண்டி அனுப்புகிறாள். நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவளுக்கு ஒரு போன்: “இன்னாம்மா இது, இட்லியா, கல்லா?” ஷாரோன் அழுதுகொண்டே டிக் போடுகிறாள். பத்திரிகைக்கு இது பிடிக்கும். ஷாரோனின் அம்மா விலையைப் பார்க்காமலே அழுவார்.

இரண்டாம் முடிவு: மீட்டரில் தொண்ணூற்றேழு. செருப்பு நின்றது, வாசலில் சம்பந்தி வந்து நின்றதால். காலையிலிருந்து மரியாதையும் அதனால்தான். சம்பந்தி தெரு முனை திரும்பியதும், “ஏம்மா, உனக்கு அறிவு கீதா? மனுசனை இப்டி நடக்க வுடுற!” இதுவும் மோசமில்லை. கொஞ்சம் மலிவு. நானும் அப்படித்தான்.

மூன்றாம் முடிவு.

இதை எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது. இன்று காலையிலிருந்தே பேனா கொஞ்சம் கனமாக

ஏசுதாஸ் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு

(இந்த வாக்கியத்தை அப்புறம் முடிக்கலாம்.)

பிரபாவதி கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். உப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருக்கட்டும். அவளும் எவ்வளவுதான் செய்வாள், பாவம்.

வாசகர்களே, மூன்றில் உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் குறியுங்கள். ஷாரோன் அப்படித்தான் குறிப்பாள். தப்பென்றால் அழித்துக்கொள்ளலாம்.

5

எனக்கு ஐந்தாம் நாள். மணி பத்து. போன்.

“சார், காய்ச்சல் கீதா?”

“இல்லம்மா.”

“ஆக்சிஜன்?”

“தொண்ணூத்தஞ்சு. நல்ல நம்பர்தானேம்மா?”

“சாப்டீங்களா?”

“சாப்பிட்டேன். நல்லா இருந்தது.”

“உப்பு?”

“பரவாயில்லம்மா.”

பென்சில் தாளில் உரசும் சத்தம் தினமும் கேட்கும். இன்று கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“சார், அந்த நெம்மேலிக்காரர் கதையோட முடிவு உங்களுக்கு வேணாமா? நேத்து அந்தக் கத்து கத்தினீங்களே, பாதியில வுட்டுட்டேன்னு.”

“உனக்கு எப்ப முடியுதோ அப்பச் சொல்லும்மா. அவசரம் இல்ல. நீ சாப்பிட்டியா?”

தூரத்தில் யாரையோ, “டாக்டர், ஒரு நிமிஷம் இங்க வாங்க,” என்று அவள் கூப்பிடுவது கேட்டது. பிறகு ரொம்பப் பக்கத்தில் அவள் குரல்.

“சார், எழுந்து ஆறு நிமிஷம் நடக்கிறீங்களா? நான் லைன்லயே இருக்கேன்.”

“சரிம்மா.”