டி.வி. மேல் பதினோரு நாள்

அந்தக் குண்டு சரவணகுமாரின் வீட்டில் டி.வி. பெட்டியின் மேல் பதினோரு நாள் இருந்தது. அது குண்டு என்று அவனுக்குத் தெரியும். மருந்தில்லாத வெறும் கூடு என்று நினைத்திருந்தான்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம், அக்டோபர் மாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் அவன் யார்டு சூப்பர்வைசர். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் கன்டெய்னராக உடைசல் வந்து கொட்டும். அந்த வருடம் வந்ததில் பாதி, எங்கோ சண்டை நடந்த நாட்டிலிருந்து வந்த இரும்பு. கார் கதவு, தண்ணீர்க் குழாய், இரும்புக் கட்டில் இவற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு டாங்கியின் சக்கரம் கிடக்கும். மற்றவர்களுக்கு அது எடை. சரவணனுக்கு அது எந்த நாட்டுச் சக்கரம், எந்த வருடத்துச் சக்கரம் என்று தெரிந்தாக வேண்டும்.

அவனுக்கு இந்தக் கிறுக்கு பிடிக்க ஹனீப்தான் காரணம். பழவேற்காட்டுக்காரரான ஹனீப், கும்மிடிப்பூண்டி பஜாரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். சரவணனைவிட ஆறேழு வயது பெரியவர். கடைச் சுவரில், காலண்டர் மாட்ட வேண்டிய இடத்தில் ஒரு போர்க்கப்பலின் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. ஒயர் வாங்கப் போன சரவணன் "இது இன்னா கப்பலு பாய்?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு அவர் சொல்லி முடித்துக் கடை சாத்த வெகுநேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்காருவார்கள். பழைய போர்க்கால வண்டிகள், கப்பல்கள் ஆகியவற்றின் படங்களை உலகம் முழுக்க இருந்து ஆட்கள் போட்டு வாதாடும் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்குவதற்குள்ளேயே இவர்கள் சண்டையைத் தொடங்கிவிடுவார்கள்.

"எம்டன்னு போட்டுகினு கீறான் பாரு. ரெண்டு புகைபோக்கிதான் கீது. மெட்ராஸ் மேல குண்டு போட்ட எம்டனுக்கு மூணு. இது அதே பேர்ல அப்புறமா கட்டுன கப்பலு. எழுது, எழுது" என்பார் ஹனீப். சரவணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதுவான். மூன்று நாள் கழித்து யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒப்புக்கொண்டு நன்றி சொல்லுவார். அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் கால் தரையில் நிற்காது.

சரவணனின் பங்கு டாங்கிகள். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே சந்து இருந்தால் ஒரு ரகம், கடைசிச் சக்கரங்களுக்கு நடுவே இருந்தால் வேறு ரகம். புழுதியில் பாதி மறைந்த படத்தைக் காட்டினாலும் சொல்லிவிடுவான்.

யார்டில் இரும்பு பிரிக்கும் கூலியாள் அரசப்பனுக்கு இந்தப் பைத்தியம் தெரியும். பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு நாள் சாக்குப்பையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். "ஒனக்கு ஆவும்னு எடுத்து வெச்சேன் சார். இதே மாதிரி ரெண்டு கெடந்துச்சு. ஒண்ண நான் வெச்சிகினேன்."

ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். வயிறு பெருத்து, வால் சிறுத்து, வாலில் இரும்புத் துடுப்புகள். குழலில் போட்டு எய்யும் மோர்ட்டார் குண்டு. இத்தனை கப்பல், இத்தனை லாரி ஏறி இறங்கியது வெறும் கூடாகத்தான் இருக்கும் என்று சரவணன் முடிவுகட்டினான். அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு, மொபெட்டின் முன்னால் வைத்து, ஜி.என்.டி. ரோட்டின் குழிகளில் எல்லாம் ஏறி இறங்கிக் கவரைப்பேட்டை வீட்டுக்கு வந்தான். மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் துரு போகத் தேய்த்தான். மூக்கில் இருந்த திருகைக் கழற்றப் பார்த்து, வராமல், சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு விட்டுவிட்டான்.

நாலு வயது மகள் பூமிகா அதற்கு மீன் என்று பெயர் வைத்தாள்.

பத்தாம் நாள், சனிக்கிழமை, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவோடு ஹனீப் வந்தார். நாலு பக்கமும் படம் எடுத்தார். வயிற்றில் பொறித்திருந்த எழுத்தைக் கிட்டத்தில் எடுத்தார். அன்று சாயங்காலமே குழுவில் போட்டு, எந்த நாடு, எந்த வருடம் என்று கேட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹனீப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தபோது ஏழு பதில்கள் இருந்தன. முதல் இரண்டும் வருடத்தைப் பற்றி. மூன்றாவது, கனடாவில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் எழுதியது. குண்டின் மூக்கில் இருப்பது வெடிக்க வைக்கும் பாகம், அது இன்னும் கழற்றப்படவில்லை, உள்ளே மருந்து அப்படியே இருக்கும் என்று எழுதியிருந்தார். அடுத்த வரி முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது. தொடாதீர்கள், வீட்டில் இருப்பவர்களை உடனே வெளியே அனுப்புங்கள். பதில் வராததால் அவரே இன்னும் மூன்று முறை எழுதியிருந்தார். கடைசியில், யாராவது இவர்களுக்குப் போன் செய்ய முடியுமா என்று குழுவையே கேட்டிருந்தார்.

ஹனீப் சென்டர் போனிலேயே சரவணன் வீட்டு நம்பரைச் சுற்றினார். பூமிகா எடுத்தாள்.

"அப்பா எங்க கண்ணு?"

"பின்னால வண்டி தொடைக்கிறாரு."

"அம்மா?"

"துணி காயப் போடுது. மாமா, மீனுக்கு ஜொரம்."

மீன் எது என்று முந்தின நாளே அவள் ஹனீப்புக்குக் காட்டியிருந்தாள். "மீனு எங்கம்மா கீது?"

"என் மடியில. தூங்க வெச்சிகினு கீறேன்."

அவர் தன் குரலை எப்படி நிதானமாக வைத்திருந்தார் என்று பின்னால் அவருக்கே விளங்கவில்லை. "அப்பிடியா? அப்ப நீ ஆடக் கூடாது. ஆடுனா அது முழிச்சுக்கும். எழுந்திருக்காத. ஒக்காந்த எடத்துலருந்தே அப்பான்னு கூப்புடு பாக்கலாம்."

பூமிகா கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் சரவணன் உள்ளே வந்து போனை வாங்கினான். ஹனீப் சொன்னதைக் கேட்டான்.

"கேக்குதா, சரவணா? அத்தத் தொடாத. கொயந்தய மட்டும் தூக்கிகினு வெளிய வா."

"மடியில கீது பாய்."

"அப்ப எடுத்துதான் ஆவணும். ரெண்டு கையால எடு. மூக்கு எது மேலயும் படாம பாத்துக்கோ."

சரவணன் மண்டியிட்டான். குண்டின் மேல் கைக்குட்டை போர்த்தியிருந்தது. பூமிகா உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றாள். பதினோரு நாளில் பத்துத் தடவையாவது அதை ஒரு கையால் தூக்கியிருப்பான். இப்போது இரண்டு கையும் சேர்ந்தும் அது கனத்தது. பாய் மேல் இருந்த தலையணையில் படுக்க வைத்தான். மகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி, கொடியருகே நின்ற மனைவி குணசுந்தரியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"இன்னாங்க, இன்னாச்சு?"

தெருமுனைக்கு வந்து நின்றுதான் சொன்னான். சொன்னதும் அவள் மகளை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

ஹனீப் போன் செய்து சொல்லியிருந்ததால் போலீஸ் வந்தது. ஒரு ஏட்டு சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் வெளியே வந்தார். தெருவைக் காலி செய்தார்கள். சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். ஹனீப் பைக்கில் வந்து இறங்கினபோது சரவணன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுத்தியால தட்டுனேன் பாய். ரெண்டு தட்டு." அதையே மறுபடி சொன்னான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "அரசப்பன்கிட்ட ஒண்ணு கீது."

இரண்டு பேரும் பைக்கில், ஆலைக்குப் பின்னால் கூலியாட்கள் தங்கும் தகரக் கொட்டகைகளுக்குப் போனார்கள். அரசப்பன் ஞாயிறு ஷிப்டில் உள்ளே இருந்தார். அவர் மனைவி குப்பம்மாள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஹனீப் அவளிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்தடி தள்ளி ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அதன் கழுத்தில் கட்டிய நைலான் கயிற்றின் மறுமுனை இன்னொரு குண்டின் வாலில் முடிச்சிட்டிருந்தது. ஆடு புல்லுக்குத் தாவும்போதெல்லாம் குண்டு ஜல்லியில் இழுபட்டு டங்கென்றது.

சரவணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்த முளைக்குப் பதிலா வெச்சிகினு கீறேன். இந்தக் கருங்கல்லு மண்ணுல முளை எறங்க மாட்டேன்து" என்றாள் குப்பம்மாள். ஹனீப் விஷயத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கவில்லை. மெதுவாகப் போய் ஆட்டைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, கயிற்றைக் கழுத்துப் பக்கமே அறுத்தாள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என் ஊட்டுக்காரரு உள்ள கீறாரே. அங்க நெறய கெடக்குன்னு சொன்னாரே."

சரவணன் எழுந்து ஓடினான். யார்டில் காந்த கிரேன் குவியலிலிருந்து இரும்பை அள்ளி உலைப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கைகளை விரித்துக்கொண்டு அதன் பாதையில் நின்றான். கிரேன் நின்றது. மேனேஜர் கத்திக்கொண்டே வந்தார்.

"யார கேட்டு நிறுத்துன? உலை ஆறிப்போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"வந்த மால்ல மருந்தோட குண்டு கீது சார். ஒண்ணு என் ஊட்டுல கீது. போலீஸ் வந்துகினு கீது."

"உன் ஊட்டுக்கு எப்பிடிப் போச்சு?"

ஹனீப் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். சரவணன் அதை உதறினான். "நான்தான் எடுத்துகினு போனேன்."

"உன் வாயால சொல்லிட்டே. வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

மேனேஜர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கிரேன் ஓட்டுபவர் இறங்கி, வேறு யாரையும் கேட்காமல் கேட்டை நோக்கி நடந்தார். அவர் பின்னால் அரசப்பன், அவர் பின்னால் மற்றவர்கள். உலைக்காரர்கள் கடைசியாக வந்தார்கள்.

ராணுவ ஆட்கள் வந்து யார்டைக் கிளறி முடிக்க ஒன்பது நாள் ஆனது. இரண்டு வீட்டிலும் இருந்தவற்றைச் சேர்த்து நாற்பத்து மூன்று குண்டுகள். அவற்றில் மருந்தோடு இருந்தவை, அந்த இரண்டும் உட்பட, பதினெட்டு. கிரேன் அள்ளிக்கொண்டிருந்த குவியலில் மட்டும் மூன்று. காந்தத்திலேயே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது உலைக்குள் போக இன்னும் முப்பதடிதான் இருந்தது.

ஊருக்கு வெளியே மண் குழியில் போட்டு வெடிக்க வைத்தார்கள். கவரைப்பேட்டை வரை ஜன்னல் அதிர்ந்தது. பதினெட்டையும் குணசுந்தரி எண்ணினாள். கடைசிச் சத்தம் அடங்கியதும் கணவனைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க வாராவாரம் போய்ப் பாக்கறீங்களே போட்டோ, அதுல ஆளுங்க இருந்தாங்களா?"

சரவணன் யோசித்தான். ஒவ்வொரு படத்திலும் சக்கரங்கள் நினைவிருந்தன. மண் நிறம், குழல் நீளம், தடத்தின் அகலம் எல்லாம் நினைவிருந்தன. ஒரு முகம்கூட வரவில்லை.

"இருந்திருப்பாங்க. நான் பாக்கல" என்றான்.

ஆலைப் பொருளை வெளியே கொண்டுபோனதற்காக வேலை போனது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். அரசப்பன் பெயரை அவன் சொல்லவில்லை. ஆனாலும் எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று அரசப்பனே போய்ச் சொல்லிவிட்டு, குப்பம்மாளோடும் ஆட்டோடும் ஊருக்குக் கிளம்பினார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹனீப் வற்புறுத்திக் கூப்பிட, சரவணன் பிரவுசிங் சென்டருக்குப் போனான். நடந்ததையெல்லாம் ஹனீப் குழுவில் எழுதியிருந்தார். கனடாக்காரர் குழந்தையை விசாரித்து நீளமாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறொருவர், வயிற்றில் இருக்கும் எழுத்து மங்கலாக இருக்கிறது, இன்னும் தெளிவான படம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

சரவணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "இன்னா மனுசன் பாய் இவன்?"

"அவன் தப்பா ஒண்ணும் கேக்கல, சரவணா. நாமளும் அத்தான கேட்டோம்" என்றார் ஹனீப்.

சரவணன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, வேறு படம் இல்லை என்று மட்டும் எழுதி அனுப்பினான். தை பிறந்ததும் சோழவரத்தில் ஒரு அரிசி கோடவுனில் வேலைக்குச் சேர்ந்தான்.