மடியில் ஒரு பை

பெண் பார்க்கப் போகிறவன் வெள்ளைக் காற்சட்டை போடக்கூடாது. யோகராஜ் போட்டிருந்தான். ஏற்கெனவே இரண்டு வீடுகள் அவனை வேண்டாமென்றுவிட்டன. கெலிஓயாவில் மூன்றாவது.

கண்டியில் ஏறியபோது உட்கார இடம் கிடைத்தது. பஸ்ஸில் உட்கார்ந்தவன் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைக்காவிட்டால் எல்லோரும் முறைப்பார்கள். பக்கத்தில் நின்ற பெண்ணின் பையை வாங்கினான். பேராதனை தாண்டியதும் தொடை குளிர்ந்தது.

“என்னக்கா இதுல?”

“மீனு தம்பி. ஐஸ் கரையுதோ?”

பின்னாலிருந்த தொப்பிக்காரர் இரக்கப்பட்டார். “பயப்பட வாணாம் தம்பி” என்று அத்தர் போத்தலைக் காற்சட்டையில் கவிழ்த்தார். இப்போது மீன் கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் மணந்தது.

பெண் வீட்டில் முதலில் வந்தது பூனை. மடியில் ஏறிப் படுத்தது. தள்ளியும் இறங்கவில்லை. பெண்ணின் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தேத்தண்ணீரோடு வந்த நிஷாந்தினி ஈரத்தைக் கவனித்தாள்.

“பஸ்ல யாரோட பையையோ வச்சிருந்தீங்களா?”

“ஆமாங்க. மீனு.”

“எனக்குப் போன மாசம் நண்டு. உசிரோட.”

அப்பா பூனையைத் தூக்க எழுந்தார்.

“விடுங்கப்பா,” என்றாள். “ரெண்டு பேரும் இருக்கட்டும்.”