சாட்சிக்கு முதுகு காட்டிய வக்கீல்

சமுதாயக் கூடத்தின் தண்ணீர்த் தொட்டியை இடித்துச் சாய்த்தது நான்தான். மறைக்க வழியில்லை. டொயோட்டாவின் கதவில் எங்கள் பூர்வகுடி சட்ட உதவி மையத்தின் பெயர் ஓர் அடி உயரத்துக்கு எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'உங்கள் உரிமை, எங்கள் பொறுப்பு' என்று வேறு. அந்த வாசகத்தை எழுதியவனும் நான்தான். மையத்தின் இயக்குநர் என்றால் இப்படிச் சில வேலைகள் இருக்கும்.

வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கக் கண்ணாடியில் என் மாமியார் வந்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

எங்கள் மக்களில் மருமகன் மாமியாரைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பெயரையும் உச்சரிக்கக் கூடாது. அவருக்கும் அதே சட்டம்தான். பகையெல்லாம் இல்லை. இதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் கிடையாது. இருபத்தாறு வருடமாக ஒரு பிசகும் இல்லாமல் அந்த மரியாதையைச் செய்துவருகிறேன். அதற்காக ஒரு தொட்டி போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் ஐயாயிரம் லிட்டர் தண்ணீரும் கூடத்தின் வாசல் வழியாக உள்ளே போனது. உள்ளே அன்று நீதிமன்றம்.

எங்கள் ஊரின் பெயர் மூன்று கிணறு, ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து செம்மண் பாதையில் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். மாஜிஸ்திரேட் அம்மாள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சின்ன விமானத்தில் வந்திறங்கி, ஒரே பகலில் முப்பது வழக்கை முடித்துவிட்டுப் பறந்துவிடுவார். எங்கள் வக்கீல் பெண் போன வாரம்தான் வேலையை விட்டுவிட்டுக் கடற்கரை ஊருக்குப் போயிருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருவர் அப்படிப் போவார்கள். அதனால், எட்டு வருடமாகக் கூட்டங்களில் மட்டுமே வாதாடிக்கொண்டிருந்த நான், பழைய கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். பொத்தான் போட முடியவில்லை.

நான் வந்ததே நெவிலுக்காகத்தான். லைசென்ஸ் ரத்தான பிறகும் வண்டி ஓட்டினான் என்று வழக்கு. மூன்றாவது முறை. ஊர் சுற்றவெல்லாம் ஓட்டவில்லை. டயாலிசிஸ் வேன்காரன் கால்பந்து பார்க்கப் போன அன்று, நான்கு கிழவிகளை ஏற்றிக்கொண்டு தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக் கிளினிக்கில் சேர்த்தான். ஆனாலும் மூன்றாவது முறை என்றால் ஜெயில்தான். தப்பிக்க ஒரே வழி, ஊரில் மதிப்புள்ள ஒருவர் முன்வந்து, 'என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், சாவி என்னிடம் இருக்கும்' என்று பொறுப்பேற்க வேண்டும்.

நெவில் கைகாட்டிய ஒரே ஆள் அவனுடைய பெரியம்மா. அதாவது என் மாமியார். ஆமாம், நெவில் எனக்கு மச்சான் முறை. சொந்தக்காரன் அல்லாத கட்சிக்காரன் வேண்டுமென்றால் எங்கள் ஊருக்கு விமானத்தில்தான் வரவழைக்க வேண்டும். அவன் அன்று ஓட்டிய வண்டியும் அந்தப் பெரியம்மாவுடையதே. திரும்பி வரும்போது கிளட்ச் போய்விட்டது. சிக்கல் அங்கேதான்.

இரண்டு வாரமாக என் மனைவி மெரில் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"இந்த வருசம் உடும்பு நல்லா கொழுத்திருக்காம்."

"நெவிலைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"அதுதான் சொன்னாங்க."

"நேரா கேட்டியா இல்லையா?"

"நேரா கேக்க நான் என்ன வெள்ளைக்காரியா? பக்கத்துல போய்ச் சும்மா உக்காந்திருந்தேன். கேட்ட மாதிரிதான்."

சட்டம் படித்து வந்தவனுக்கு இதெல்லாம் மறந்துபோயிருந்தது.

கூடத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மாஜிஸ்திரேட் அம்மாள் செருப்பைக் கையில் பிடித்தபடி நாற்காலி மேல் நின்றிருந்தார்.

"மிஸ்டர் கிளைட், வெளிய அந்த மரத்தடிக்குப் போயிடலாமா?"

பூர்வகுடி ஊர்களில் நீதிமன்றம் மரத்தடியில், பெரியவர்கள் நடுவே உட்கார வேண்டும் என்று இதுவரை பதினோரு அறிக்கை எழுதியிருக்கிறேன். ஓர் அமைச்சர் 'மிகவும் சுவாரசியம்' என்று பதில் போட்டார். தொட்டி ஐந்து நிமிடத்தில் காரியத்தை முடித்துவிட்டது.

எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. கூடத்தின் நடுவே ஒரு தடுப்பு நிறுத்தி, அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் நான் என்று ஏற்பாடு செய்திருந்தேன். தடுப்பு இப்போது மிதந்துகொண்டிருந்தது. மரத்தடியில் ஏது சுவர்? எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அவர் வந்து உட்கார்ந்தது சலசலப்பிலேயே தெரிந்தது. நான் முகத்தை மாஜிஸ்திரேட் பக்கம் ஆணியடித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

"பொறுப்பேத்துக்கிறவங்க வந்திருக்காங்களா?"

"எனக்குப் பின்னால இருக்காங்க, மேடம்."

"பேரு?"

"நான் சொல்லக் கூடாதுங்க."

போலீஸ் தரப்பில் வழக்கு நடத்தும் சார்ஜென்ட் இந்த ஊரில் ஒன்பது வருடமாக இருப்பவர். துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி மேசைமேல் வைத்தார். மாஜிஸ்திரேட் அம்மாள் படித்தார். என் முதுகைப் பார்த்தார், அதன் பின்னால் பார்த்தார்.

"ஓ," என்றார். "அப்ப எப்படி விசாரிப்பீங்க?"

எங்கள் இருவருக்கும் நடுவில் ரேடியேட்டர் படுத்திருந்தது. ஊர் நாய். யாருக்கும் சொந்தமில்லை, எல்லார் வீட்டிலும் சாப்பிடும்.

"நாய் வழியாக் கேக்குறேன், மேடம்."

"நாய்க்குச் சத்தியப் பிரமாணம் எடுக்கணுமா?"

"எங்க தரப்புல ஆட்சேபணை இல்லை," என்றார் சார்ஜென்ட்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ரேடியேட்டர், நெவில் தங்குறதுக்கு அந்த வீட்டுல இடம் இருக்கான்னு கேளு."

பின்னாலிருந்து குரல் வந்தது. "ரேடியேட்டர், கிளட்ச் போன வண்டி ஒண்ணு வாசல்ல நிக்குது. மத்தபடி இடம்தான்."

ஊரே சிரித்தது. நெவில் சிரிக்கவில்லை.

"ரேடியேட்டர், அவனைப் பாத்துக்க அவங்களுக்குச் சம்மதமா?"

"ரேடியேட்டர், இன்னைக்கு மேகம் போட்டிருக்கு."

"ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லச் சொல்லு."

ரேடியேட்டர் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி படுத்துக்கொண்டது. விமானி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் அம்மாளின் பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அது இறங்கினால் நான்கு மாதம்.

"விடுங்க மச்சான்," என்றான் நெவில் மெதுவாக. "ஜெயில்ல ஏசி இருக்குமாம்." வேடிக்கையாகத்தான் சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மெரில் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

கேட்பதற்கு எனக்கு இன்னும் ஆறு கேள்வி இருந்தது. நல்ல கேள்விகள், வரிசை எண் போட்டு எழுதி வைத்தவை. அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன். மாமியாருக்கு முதுகு காட்டியபடியே மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கோட்டு எங்கோ கிழிந்த சத்தம் கேட்டது. அப்படியே சும்மா இருந்தேன்.

மாஜிஸ்திரேட் அம்மாள் வாயைத் திறந்தார். கூட்டத்திலிருந்து மெரில் கையமர்த்தினாள். ஒரு மாஜிஸ்திரேட்டைக் கையமர்த்திய என் மனைவியை அன்று முழுக்க வியந்துகொண்டிருந்தேன். ஈக்கள் வந்தன, போயின. கூடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரேடியேட்டர் தூங்கியேவிட்டது.

பிறகு பின்னாலிருந்து அந்தக் குரல், அவசரமே இல்லாமல் வந்தது.

"ரேடியேட்டர், எழுந்திரு. முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கிற அந்த ஆள்கிட்டப் போய்ச் சொல்லு. நெவில் என் பிள்ளை. என் வீட்டுல இருப்பான். சாவி என் சட்டைக்குள்ள கிடக்கும், எவன் வந்து எடுக்கிறான்னு பாக்குறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் சேந்து தொட்டியைத் தூக்கி நிறுத்தணும். இனிமே அந்த டொயோட்டாவை என் பொண்ணு ஓட்டட்டும்."