இரண்டாவது பட்டியலில் தையற்காரம்மா

1

சாவைப் பதினொரு நாள் வாசலில் நிற்க வைத்தவன் நான். உட்கார ஒரு நாற்காலிகூடக் கொடுக்கவில்லை.

நம்ப மாட்டீர்கள். எங்கள் தலைமை நர்ஸும் நம்பவில்லை. "சார், ரிட்டயர் ஆனா தோட்டம் போடுங்க, கதை கட்டாதீங்க" என்றார். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். [தோட்டமும் போட்டேன். பூசணிக்காய் ஒன்றை உருட்டிப்போக நாலு ஆள் வேண்டியிருந்தது. அது வேறு கதை.]

சாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டிலேயே, வலி குறைத்து, பிரார்த்தனையோடு வழியனுப்புவது எங்கள் நிறுவனத்தின் வேலை. இருபது வருடம் நடத்தினேன். இனி 'நான்' வேண்டாம், 'மேலாளர்' என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்தவன் தலையில் ஏற்றிவிட்டால் பொய்க்குக் கனம் தெரியாது.

2

முதல் தொடக்கம்: 'அன்று வானம் கறுத்து' — வேண்டாம். வானம் தன் பாட்டுக்கு வெளுத்துத்தான் கிடந்தது.

இரண்டாவது: தினமும் காலை எட்டு மணிக்கு மேலாளர் ஆபீஸ் மேசையில் போனை ஸ்பீக்கரில் போடுவார். நோயாளிகளும் வீட்டாரும் அவரவர் இடத்திலிருந்து சேர்ந்துகொள்வார்கள். தலைமை நர்ஸ் எழுதித் தந்த தாளில் இரண்டு பட்டியல்கள். முதலாவது, இருப்பவர்கள், அவர்களுக்கு வலியில்லாத ஒரு பகல் கேட்பார். இரண்டாவது, போனவர்கள், அவர்களுக்கு அமைதி. பெயர்கள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நகரும். திரும்பி வந்ததில்லை. [ஒரே ஒரு முறை தவிர.]

3

தையற்காரம்மா முதல் பட்டியலில் ஏழு வாரம் இருந்தார். ஈரலில் புற்று. ஜன்னலோரம் கட்டில்; கால்மாட்டில் உறை போட்ட மெஷின். தினமும் மேலாளரிடம் ஒரே கேள்வி.

"இன்னிக்குப் போன்ல தம்பி இருந்தானா?"

இருந்தார். தூரத்து ஊர் நம்பர் ஒன்று எட்டு மணிக்குச் சேரும். முதல் பட்டியலில் அக்கா பெயர் வந்ததும் அறுந்துவிடும். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் கைவிட்டது என்று அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. 'அவ செத்தாதான் அந்த வாசலை மிதிப்பேன்' என்று சொல்லிப் போனவர் பதினெட்டு வருடமாக மிதிக்கவில்லை. தலைமை நர்ஸ் போனில் கெஞ்சிப் பார்த்தார்.

"சொன்னது சொன்னதுதாம்மா. என்னைக் கரைக்காதீங்க."

[இவரைக் கல்நெஞ்சக்காரராக எழுத ஆசைதான். ஆனால் கல்நெஞ்சக்காரர் எதற்குக் காலை எட்டு மணிக்கு அலாரம் வைக்கிறார்?]

4

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் தையற்காரம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்து, "இன்னிக்குத் தாண்டாது" என்றார்.

சனிக்கிழமை காலை மேலாளர் தாளைப் பார்த்தார். தையற்காரம்மாவின் பெயர் இரண்டாவது பட்டியலில் இருந்தது. வாசித்தார். 'ஊருக்கே அளவெடுத்தவளுக்கு நீ அளவில்லாத அமைதியைக் கொடு' என்றார். ஸ்பீக்கரே விம்மியது. தூரத்து நம்பர் அறுந்தது. அது அறுந்த பிறகு, நூலிழை போல ஒரு குரல்:

"சார்... நான் இன்னும் கிளம்பலையே."

மேலாளர் தையற்காரம்மா வீட்டுக்கு ஓடிப்போய் அவர் கட்டிலருகே கைகூப்பி நின்றார்.

"விடுங்க சார். நல்லபடியாத்தான் சொன்னீங்க. உசிரோட இருக்கறப்ப யாரு இப்படிச் சொல்றா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "தம்பி கேட்டானா?"

"கேட்டாரும்மா."

"அப்போ வருவான். அதுவரைக்கும் என்னைப் போகவிடாதீங்க."

பெயர் முதல் பட்டியலுக்குத் திரும்பியது. எல்லா வீட்டுக்கும் போன் போட்டுத் தவறைத் திருத்தும் வேலையைத் தலைமை நர்ஸ், "நான் பாத்துக்கறேன் சார்" என்று வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து பதினொரு நாள் மேலாளர் அந்த வாசற்படியில் உட்கார்ந்து, சாவை உள்ளே விடாமல்—

5

தம்பி மலர்வளையத்தோடு வந்தார். வாசற்படியில் இருந்த மேலாளரிடம் "கொஞ்சம் பிடிங்க" என்று கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தலைமை நர்ஸ் இருந்தார்.

முடிவு அ: அக்கா கண் திறந்து, இரண்டு கையும் நீட்டி — அடித்துவிட்டேன். அந்தக் கைகளைத் தூக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

முடிவு ஆ: தம்பி வருவதற்குள் — இதை எழுத எனக்குத் தெம்பில்லை.

முடிவு இ, நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது: செருப்புச் சத்தம் கேட்டதும் தையற்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். தம்பி சொன்ன சொல் தவறக்கூடாதே! பிணமாகக் கிடந்தார். தம்பி பிணத்திடம் பேச வேண்டியதையெல்லாம் பேசினார்.

என்ன பேசினார்? வெளியே இருந்த மேலாளருக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் யாராவது இருப்பார்கள்.

தம்பி வெளியே வந்தார். மலர்வளையத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "வெச்சிருங்க. சாயங்காலம் வேண்டியிருக்கும்" என்றார்.

சாயங்காலம் வேண்டியிருந்தது. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

6

தலைமை நர்ஸ் இதை என் வீட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார்.

"பொணமா நடிச்சாங்களாம்! நீங்க கதவுக்கு வெளியதானே சார் இருந்தீங்க? கேக்கறவன் கேனையனா இருந்தா எருமைமாடு ஏரோப்ளேன் ஓட்டும்பீங்க."

"அப்போ நடக்கவே இல்லையா சிஸ்டர்?"

அவர் தாளைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பேனாவை எடுத்து, 'பதினொரு நாள்' என்று வந்த இடங்களையெல்லாம் அடித்தார்.

"ரெண்டு நாள்தான் சார்."

நான் வாயே திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

"பேரை ரெண்டாவதுல எழுதினது நான்தான். தெரிஞ்சேதான் எழுதினேன். அந்தத் தம்பி ஒருத்தருக்கு மட்டும் திருத்திச் சொல்லல. பிரார்த்தனையில பொய்யக் கலந்தவ நான்." பேனாவை மூடினார். "தம்பி வந்தன்னிக்கு அந்தம்மா மோவாய்வரைக்கும் போர்வைய இழுத்துவிடச் சொன்னாங்க. இழுத்துவிட்டேன். போர்வை ஓரத்துல பிரிஞ்ச நூல் ஒண்ணு, மூக்குக்கு நேரா. மூச்சுக்கு மூச்சு ஆடிச்சு."

"தம்பி பாக்கலையா?"

"பாத்தாரு சார். பாத்துட்டுத்தான் பேசினாரு."